கோதுமையில் விழுந்த முகம்

எர்மியோனி வீட்டில் ஒரு கோப்பை கை தவறினால், அது தரையைத் தொடுவதற்குள் சேதி தெருக்கோடிவரை போய்விடும். கிரேக்கத் தீவு ஊரான பிளோமாரியில் எங்கள் சந்து அப்படி. ஜன்னல்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடிதான் கட்டப்பட்டிருக்கின்றன. அப்பேர்ப்பட்ட சந்தில், அந்தச் சனிக்கிழமை காலை, கடலோடு போன இக்னாதிஸின் முகம் ஈரக் கோதுமையில் குப்புற விழுந்து நெடுநேரம் கிடந்தது ஈ காக்கைக்குத் கூடத் தெரியவில்லை என்றால், காரணம் ஒன்றே ஒன்றுதான். எதிர்வீட்டு பிலீத்சா பல்வலியோடு படுத்திருந்தாள்.

மறுநாள் ஞாயிறு, இக்னாதிஸுக்கு நினைவு பூசை. பூசை முடிந்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் கோதுமையை வெள்ளிக்கிழமை மாலையே வேகவைத்து வடித்து, மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பியாயிற்று. அது ஈரமில்லாமல் உலர்ந்தால்தான் மேலே கொட்டும் சர்க்கரை வெள்ளை வெளேரென்று நிற்கும். இல்லாவிட்டால் சர்க்கரை கரைந்து வழிந்து, கோயிலில் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். கோதுமை உலரும்வரை இக்னாதிஸின் படம் மேஜையின் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்பது எர்மியோனி போட்ட சட்டம். "அவர் கோதுமைய அவரே காவல் காக்கட்டும்" என்பாள்.

படம் என்றால் சாதாரணப் படம் இல்லை. சோப்பு ஏற்றிய படகில் ஏறுவதற்கு முன்னால் துறைமுகத்து ஸ்டுடியோவில் பிடித்து, தாம்பாளத்தளவு பெரிதாக்கி, கெட்டி அட்டையில் ஒட்டி, சட்டமும் போட்டது. படகு திரும்பவில்லை, உடலும் கரை சேரவில்லை. கல்லறையில் ஒரு சிலுவை மட்டும் நிற்கிறது, அடியில் வெறும் மண். ஆகவே எர்மியோனிக்குப் புருஷன் என்று மிஞ்சியது அந்த அட்டைதான். அதற்குக் கண்ணாடி கிடையாது. என்றோ ஒருநாள் அவளே கழற்றிவிட்டாள். காலையில் விளக்கேற்றியதும் முதலில் மாதா படத்துக்கு ஒரு முத்தம், அடுத்து இக்னாதிஸுக்கு ஒரு முத்தம், அதற்குப் பிறகுதான் காப்பி. உதடு பட்டுப் பட்டு அவர் கன்னத்தில் காசளவு இடம் மங்கிப்போயிருந்தது.

இந்த வீட்டுக்கு மருமகள் மிர்சீனி வாழ வந்த கதையும் தெரிந்ததுதான். எங்கள் தீவில் பெண்தான் வீடு கொண்டுவர வேண்டும்; மாப்பிள்ளை அதில் குடிபுகுவான். மிர்சீனி மலை ஊர்க்காரி. ஒரு மரப்பெட்டியும் ஒரு போர்வையும்தான் கொண்டுவந்தாள். திருவிழாவில் அவளைப் பார்த்து மயங்கிய எர்மியோனியின் மகன் ஸ்த்ராத்திஸ், கல்யாணம் முடித்த கையோடு கப்பலேறிவிட்டான். ஈஸ்டருக்குத்தான் வருவான். அதுவரை மாமியார் வீட்டில் மருமகள். கேட்கவே ஒரு மாதிரி இல்லையா? எர்மியோனிக்கும் அப்படித்தான் இருந்தது. மிர்சீனிக்குப் பயந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் எதுவாவது உடையும். விளக்குக் கூண்டு போயிற்று, எண்ணெய் ஜாடி போயிற்று. ஜாடி உடைந்த அன்று எர்மியோனி சத்தம்கூடப் போடவில்லை. "இன்னும் ஒண்ணு," என்றாள். "இன்னும் ஒண்ணு போகட்டும், உன் பெட்டிய பஸ் மேல ஏத்திடுவேன். உங்கப்பன் வீட்ல இன்னும் அஞ்சு பொண்ணு இருக்காமே, நீ ஆறாவதா போய் உக்காரு."

அன்று காலை வெள்ளி மிட்டாயும் சர்க்கரை பூசிய பாதாமும் வாங்க எர்மியோனி பெரிய பட்டணமான மித்திலீனிக்கு பஸ் ஏறினாள். ஏறும்போது சொன்ன கடைசி வார்த்தை: "அவரப் பாத்துக்க."

மிர்சீனி முற்றத்தில் துணி அலசப் போனாள். கதவைத் திறந்து போட்டாள், கோதுமை உலரட்டும் என்றுதான். தெற்குக் காற்று வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு ஈரக்கையோடு அவள் உள்ளே வந்தபோது மேஜையின் தலைமாட்டில் யாரும் இல்லை. கோதுமை நடுவில் அட்டையின் முதுகு தெரிந்தது.

தூக்கினாள். கோதுமையும் கூடவே வந்தது.

நெற்றியிலிருந்து தாடைவரை மணிமணியாக அப்பிக்கொண்டு, ஈரமாக, வீங்கியதுபோல ஒரு முகம். கண் இருந்த இடத்தில் கோதுமை, வாய் இருந்த இடத்தில் கோதுமை. கடலடியிலிருந்து யாரோ எழுந்து வந்து மேஜைமேல் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. அலறத்தான் வாயைத் திறந்தாள். எதிர் ஜன்னல் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். அப்போது செய்ததுதான் தப்பு. நகத்தால் மணிகளைச் சுரண்டித் தள்ளினாள், சுரண்டியதை அவசர அவசரமாகக் கோதுமையோடு கலந்து பரப்பினாள். தடயம் மறைந்துவிடும் என்று நினைத்தாள் போல. படத்தின் மேல்பூச்சு ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தது. ஒவ்வொரு மணியும் போகும்போது முகத்தில் ஒரு துண்டைக் கொண்டுபோனது. சுரண்டி முடித்தபோது இக்னாதிஸுக்கு அம்மை போட்டதுபோல் முகமெங்கும் வெள்ளைக் குழிகள். இரண்டு கண்ணும் இல்லை.

மிர்சீனி முதலில் செய்த காரியம், பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கி வாசலருகே வைத்தது. அதன் மேலேயே உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் கழித்துத்தான், ப்ரொகோப்பிஸ் என்று படம் பிடிக்கிறவன் ஒருவன் துறைமுகத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது.

படத்தை அடுப்புத் தட்டில் மல்லாக்க வைத்து, மேலே துணி போட்டு, சமையலை வேகவைக்க ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுபோவதுபோல் சந்தில் இறங்கினாள். கால் ஓடத் துடித்தது. ஓடினால் எல்லாருக்கும் தெரிந்துபோகும். சோப்புக் கிடங்குத் திருப்பத்தில் ஒரு ஜன்னல் கேட்டது: "என்ன மிர்சீனி, அடுப்புக்கா?"

"ஆமா. கத்தரிக்கா."

"மணமே வரலியே."

"இன்னும் வேகல."

ப்ரொகோப்பிஸ் வோலோஸிலிருந்து வந்து ஸ்டுடியோவை விலைக்கு வாங்கியவன். பாஸ்போர்ட் படம், ஞானஸ்நானம், பூனையோடு குழந்தை, இப்படிப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தவன் அட்டை ஓரத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு மறுபடி மூடினான்.

"இது எர்மியோனி அம்மா வீட்டுப் படம்."

"ஆமாண்ணே."

"நான் இதப் பாக்கல. நீ இங்க வரவே இல்ல. போகும்போது கதவ சாத்திட்டுப் போ."

"அண்ணே..."

"போன வருஷம் அந்தம்மாவ ஒரு படம் புடிச்சேன். 'இது யாரு, உங்க ஆத்தாளா'ன்னு கேட்டு என் மூஞ்சியிலயே விசிறிட்டுப் போச்சு. இப்ப அந்தம்மா புருஷன் மூஞ்சிய நான் தொடறதா? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

மிர்சீனி அழவில்லை. அழுதிருந்தால் அவன் அனுப்பியிருப்பான். தட்டைப் பிடித்த கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, தட்டு மேஜைமேல் தடதடவென்று தாளம் போட்டது. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான் அவன் தட்டைப் பிடுங்கி வைத்தான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். "படம் புடிச்ச மூலத் தகடு இருந்தா புதுசாவே போட்டுடலாம். ஆனா பழைய கண்ணாடித் தகட்ட எல்லாம் பஞ்ச காலத்துல சொரண்டி ஜன்னலுக்குப் போட்டுட்டாங்களாம். உங்க சந்துலயே எந்த ஜன்னல்ல இருக்காரோ." பெருமூச்சு விட்டான். "சரி, ஒட்டின மணியெல்லாம் எங்க?"

"எந்த மணி?"

"மூஞ்சி அதுலதான புள்ள ஒட்டிட்டுப் போயிருக்கு? மணியத் தண்ணில போட்டா அந்தத் தோல் தனியா மெதக்கும். எடுத்து மறுபடி எடத்துல ஒட்டிடலாம். மணி இருந்தா பாதி வேலை முடிஞ்சாப்பல."

"கோதுமையோட கலந்துட்டேன்," என்றாள் மிர்சீனி.

அவன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். "நாளைக்குக் கோயில்ல குடுக்கற கோதுமையோடயா?"

அவள் தலையாட்டினாள். ஊரே கரண்டி கரண்டியாகத் தின்னப்போகும் கோதுமை.

"போ," என்றான் ப்ரொகோப்பிஸ். "போய்ப் பொறுக்கு."

மேஜை நிறையக் கோதுமை. மிர்சீனி ஒரு காப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாக எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் மீசை கிடைத்தது. அரை மீசைதான், ஒரு மணியின் முதுகில் மெல்லிய கறுப்புக் கோடுகள். பிறகு காது மடலின் ஓரம், நெற்றிச் சுருக்கம், காலர் பொத்தான். ஒரு மனிதனைத் துண்டு துண்டாகக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஏதாவது வண்டி உறுமினால் மித்திலீனி பஸ்தான் சீக்கிரம் திரும்பிவிட்டதோ என்று கை அப்படியே நின்றுபோகும்.

வந்தது பஸ் இல்லை, பிலீத்சா. தாடையில் கட்டுப்போட்டு, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, பின்னாலேயே தன் கோழிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். எங்கள் சந்தில் கதவு தட்டுகிற பழக்கம் இல்லை.

"என்னடி, கோதுமைய எண்ணிட்டிருக்க? அவ எண்ணி வெச்சிட்டுப் போனாளா?"

"கல்லு பொறுக்கறேன் சித்தி."

"வெந்த கோதுமையிலயா? அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்த?" பிலீத்சா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பெட்டிய வேற கீழ எறக்கி வெச்சிருக்க. ஊருக்கா?"

"தொடைக்கலாம்னு."

"ம்." அவள் கண் மேஜையின் தலைமாட்டுக்குப் போனது. "அவரக் காணோமே."

இக்னாதிஸைப் பற்றிப் பேசும்போது பிலீத்சாவின் குரல் கொஞ்சம் நனையும். அது சந்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மிர்சீனி கோதுமையை விட்டுக் கண் எடுக்கவில்லை. "அத்தை... உள்ள வெச்சிருக்காங்க. தூசு படும்னு."

"படத்துக்குத் தூசு பாக்கறா. ஆளு இருந்தப்ப சட்டைக்குப் பொத்தான் தெச்சுக் குடுக்கல." பிலீத்சா ஒரு பிடி அள்ளினாள். "குடு, நானும் பாக்கறேன். என் பல்லு இருக்கற நெலமைக்கு நாளைக்கு ஒரு கல்லு கடிச்சாலும் போய்ச் சேந்துடுவேன்."

தடுக்க முடியாது. தடுத்தால் ஏன் என்று கேட்பாள். பிலீத்சாவின் விரல் பொறுக்கப் பொறுக்க மிர்சீனி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பங்கில் வந்த கன்னத்தையும் தாடையையும் பிலீத்சா பார்க்காதபோது கோப்பைக்குள் நழுவவிட்டாள்.

"இதப் பாரு," என்றாள் பிலீத்சா.

நீட்டிய உள்ளங்கையில் ஒரு மணி. அதன்மேல் ஒரு வெள்ளை வளையம், நடுவில் கறுப்புப் பொட்டு, ஓரத்தில் இரண்டு மூன்று இமை முடி. இக்னாதிஸ் பிலீத்சாவின் கையிலிருந்து மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டு விழுந்த மணி. உன் கண்ணுக்கு இது தெரியல பாரு." சொல்லிக்கொண்டே அதை வாசல் பக்கம் சுண்டிவிட்டாள். மிர்சீனி எழுந்தாள். அதற்குள் சிவப்புக் கோழி இரண்டு எட்டில் ஓடிவந்து, ஒரே கொத்து, கழுத்தை ஒருமுறை நீட்டி விழுங்கியும்விட்டது.

"என்னடி பேயடிச்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"கோழிக்கு ஒரு மணி குடுக்கக்கூட மனசு வரல. அவளுக்கேத்த மருமகதான்."

பிலீத்சா போனபிறகு மிர்சீனி மேஜை முழுவதையும் மறுபடி ஒருமுறை சலித்தாள். இன்னொரு கண் அதில்தான் எங்கேயோ இருந்தது. கிடைக்கவில்லை. கோப்பையை மூடிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். இந்த முறை ஓடவே செய்தாள்.

ப்ரொகோப்பிஸ் கடைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டான். மணிகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டான். சிறிது நேரத்தில் தோல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன: மீசை, நெற்றி, காது. அவற்றை ஈரத் தூரிகையின் நுனியால் ஏந்தி, குழியில் இறக்கி, உருக்கிய பசையால் ஓரத்தை மூடினான். ஒன்று பொருந்தினால் பல்லிடுக்கில் மூச்சு விடுவான். மங்கிப்போன கன்னத்தை மட்டும் தொடவில்லை. "இது கோதுமை பண்ணினது இல்ல. இது வேற," என்றான். பொருந்தாத இடங்களில் பசையை மெல்ல மெல்ல நிரப்பி உலரவைத்து, நாலைந்து முடி மட்டும் உள்ள தூரிகையால் சாம்பல் நிறத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தான். மிர்சீனி ஜன்னல் திரையை விரலளவு விலக்கி பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு முகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கண் மட்டும் இரண்டு வெள்ளை ஓட்டை.

"கண்ண வரையத்தான் வேணும். எப்படி இருக்கும்?"

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ஸ்த்ராத்திஸின் பாஸ்போர்ட் படத்தை எடுத்துக் கொடுத்தாள். "அப்பன மாதிரியேன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"சரி. எங்க பாத்துட்டிருந்தார்?"

"என்னது?"

"மனுஷன் எந்தப் பக்கம் பாத்துட்டிருந்தார்? நேராவா, ஓரமாவா? நான் இந்த ஊருக்கே புதுசு. நீ தெனம் பாக்கறவ."

தினம் பார்க்கிறவள். வாரம் தவறாமல் தூசு தட்டியிருக்கிறாள். தட்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் தட்டியிருக்கிறாள். அந்த முகத்தை ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் ஜாடி உடைந்தபோது, பால் பொங்கியபோது, எந்த மூலையில் நின்றாலும் அவர் தன்னைப் பார்ப்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

"நேரா," என்றாள். "நேரா நம்மளத்தான் பாப்பார்."

ப்ரொகோப்பிஸ் அப்படியே வரைந்தான். நன்றாகவே வரைந்தான், பாவம். பொட்டு வெளிச்சம்கூட வைத்தான். பிறகு படத்துக்கு மேல் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் காகித நாடாவால் ஒட்டினான்.

"எங்க வீட்ல கண்ணாடி போடக் கூடாது அண்ணே. அத்தை தெனம் முத்தம் குடுப்பாங்க."

"அதுக்குத்தான் போடறேன். இது தண்ணிச் சாயம். ஈர உதடு பட்டா கண்ணு உதட்டோட வந்துடும். யாரு வேணாலும் பாக்கட்டும், வாய மட்டும் வெக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. தட்டைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

படத்தைத் தலைமாட்டில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். பஸ் வந்தது. சந்தில் எர்மியோனியின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் பெட்டியைப் பார்த்திருப்பாள்; சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே வந்தாள். மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்தாள். கோதுமையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

மிர்சீனி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு வரும், அடிகூட வரலாம் என்று தயாராக இருந்தாள். எர்மியோனியின் முகத்தில் வந்தது கோபம் இல்லை. ரத்தம் சுண்டிப்போன முகம். மூன்று தடவை சிலுவைக் குறி போட்டாள். பின்பக்கமாகவே நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள்.

"திரும்பிட்டார்," என்றாள்.

"அத்தை..."

"என்னைப் பாக்கறார். பாரு. இந்தப் பக்கம் வந்தாலும் பாக்கறார். மாதாவே, இத்தன வருஷம் கழிச்சு..." குரல் கீச்சிட்டது. "கண்ணாடிக்குள்ள பாரு. மவன் கண்ணு மாதிரி உயிரோட இருக்கு. புள்ள, போ, பாதிரியாரக் கூப்டு. எல்லாரையும் கூப்டு. ஊரே வந்து முத்தம் குடுக்கட்டும்."

அவளே ஜன்னலுக்குப் போய்க் கொண்டியைத் தூக்கினாள்.

ஒரு கணம் மிர்சீனிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அற்புதம் நடந்த வீட்டில் மருமகளை யார் பஸ் ஏற்றப்போகிறார்கள்? மறுகணமே அவள் கண்முன் வந்தது வரிசை. பாதிரியார், பின்னால் சந்து முழுக்க, ஒவ்வொருவராகக் குனிந்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, உதட்டைப் பதித்து, கறுத்த வாயோடு நிமிர்ந்து... பூசைக்கு முந்தின நாள், மாதா படத்துக்குக் கீழே, தன்னால். மாமியார் பயம் ஒரு பக்கம். இது அதைவிடப் பெரிய பயம். ஓடிப்போய் எர்மியோனியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"தொறக்காதீங்க. அற்புதம் இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். காற்று, கோதுமை, நகம், ப்ரொகோப்பிஸ், கோழி. தரையைப் பார்த்தே சொன்னாள்.

எர்மியோனி கத்தி எடுத்தாள். மிர்சீனி கதவோரம் ஒதுங்கினாள். ஆனால் கத்தி படத்தின் பின்பக்கம் போய் நாடாவைக் கிழித்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு எர்மியோனி சுண்டுவிரலை நாக்கில் தொட்டு, இடது கண்ணின் ஓரத்தில் லேசாக வைத்தாள். விரல் நுனி கறுத்தது. அந்தக் கறுப்பை வெகுநேரம் பார்த்தாள்.

"நேராப் பாக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் அத்தை. அவர் எப்பவும் என்னையே பாக்கற மாதிரி இருக்கும்."

"உன்னையா?" எர்மியோனி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த மனுஷன் இந்த வீட்ல யாரையும் நேராப் பாத்ததில்ல. படம் புடிக்கறப்ப நான் மெஷினுக்குப் பக்கத்துல நிக்கறேன், புதுப் பாவாட கட்டிக்கிட்டு. வாசல்ல வேற ஒருத்தி வந்து நின்னா, பல்லக் காட்டிக்கிட்டு. கண்ணு அங்க போச்சு. அப்பதான் அவனும் அமுக்கினான். அடுத்த நாள் படகு."

யார் என்று மிர்சீனி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எங்கள் சந்தில் யாருக்கும் கிடையாது. பிலீத்சாவே ஆள் பார்த்துச் சொல்லிக்கொள்கிற கதைதான்.

"கண்ணாடிய எதுக்குக் கழட்டினேன்னு நெனச்ச? முத்தம் குடுக்கவா?" எர்மியோனியின் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "ஊசியால அந்தக் கண்ண நோண்டிப் போடத்தான் கழட்டினேன். கிட்டப் போனேன், கை வரல. என்ன பண்றதுன்னு தெரியாம முத்தம் குடுத்துட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாச்சு."

அவள் கண்ணாடியைத் திரும்ப வைத்தாள். விரல் பட்ட இடத்தில் இடது கண்ணோரம் கொஞ்சம் கலைந்து, இக்னாதிஸ் லேசாக அழுததுபோல் இருந்தார். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

"நாடா எடுத்துட்டு வா. ஒட்டு."

ஒட்டினாள். இந்த முறை கை அவ்வளவாக ஆடவில்லை.

"கோதுமை அத்தை? இன்னொரு கண்ணு அதுலதான்..."

"அதுக்கு? இப்ப வேற கோதுமை வேகவெச்சு எப்பக் காயறது? அவர் கோதுமை, அவர் கண்ணு. போகட்டும்." எழுந்துபோனவள் வாசலில் நின்று திரும்பினாள். "இந்தப் பெட்டி எதுக்கு வழில கெடக்கு? தடுக்கி விழணுமா நான்? பரண்ல ஏத்து."

ஞாயிறன்று கோயிலில் படம் கோதுமைத் தட்டின் பின்னால் நின்றது. சர்க்கரை வெள்ளை வெளேரென்று, வெள்ளி மிட்டாயில் சிலுவை, கரையவே இல்லை. பிலீத்சா மெழுகுவர்த்தியோடு படத்தின் முன் வந்து வழக்கமாக நிற்கும், அந்த ஓரப் பார்வை விழும் இடத்தில் நின்றாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். வலப்பக்கம் ஓரெட்டு வைத்தாள். மறுபடி இடப்பக்கம். தாடைக்கட்டுக்கு மேலே அவள் முகம் மெல்லத் தொங்கிப்போவதை மிர்சீனி பார்த்தாள்.

"கண்ணாடி போட்டா வேற மாதிரி தெரியறார்," என்றாள் பிலீத்சா.

"கண்ணாடி போட்டாத்தான் சரியாத் தெரியறார்," என்றாள் எர்மியோனி.

பூசை முடிந்து முற்றத்தில் கோதுமை கொடுத்தார்கள். அற்புதமும் தெரியாது, கத்தரிக்காயும் தெரியாது, எல்லாரும் நிம்மதியாகத் தின்றார்கள். மிர்சீனிக்குத்தான் நிம்மதி இல்லை. ஒவ்வொரு கரண்டி உயரும்போதும் அவள் பார்வையும் கூடவே ஏறி, வாய்வரை போய், மென்று விழுங்கும்வரை காத்திருந்து இறங்கியது. பாதிரியார் தின்றார், ஒன்றும் இல்லை. ரொட்டிக்கடைக்காரன் இரண்டாம் தடவை வாங்கினான், ஒன்றும் இல்லை.

பிலீத்சா வலிக்காத பக்கமாக மென்றுகொண்டிருந்தாள். திடீரென்று தாடை நின்றது. நாக்கு நுனியிலிருந்து எதையோ விரலால் எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மிர்சீனி நின்ற இடத்திலிருந்து அது ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரிந்தது. பிலீத்சா அதைத் திருப்பினாள். இன்னொரு தடவை திருப்பினாள். மிர்சீனியின் மணிக்கட்டை யாரோ இறுகப் பற்றினார்கள். எர்மியோனியின் விரல்கள், ஐஸ் மாதிரி.

"நேத்து நான் உக்காந்து பொறுக்கிக் குடுத்தும் ஒரு வண்டு," என்றாள் பிலீத்சா எல்லாருக்கும் கேட்கும்படி. முற்றத்தில் துப்பினால் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, அதை மறுபடி வாயில் போட்டு முழுங்கிவிட்டாள்.

எர்மியோனி நேராகப் படத்தைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்: "ஒண்ணு அவ கோழிக்கு. ஒண்ணு அவளுக்கு. போய்ச் சேர வேண்டிய எடத்துக்குத்தான் போச்சு."

மிர்சீனிக்கு மணிக்கட்டு வலித்தது.

"அடுத்த வருஷமும் கோதுமைய நீதான் காயப்போடணும்," என்றாள் எர்மியோனி. "படத்த நான் கையில வெச்சிக்கறேன்." பிடியை விட்டாள். விட்ட கையாலேயே தட்டிலிருந்து ஒரு கரண்டி அள்ளி மருமகளின் உள்ளங்கையில் கொட்டினாள். "தின்னு. தின்னாம நின்னா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க."

மிர்சீனி தின்றாள். ஒவ்வொரு மணியாக, முன்பல்லால், மெல்ல.